பல் டாக்டரின் ஆறு நாற்காலிகள்

கம்ப்ரசரின் அடிவயிற்றில் ஒரு சிறிய திருகு உண்டு. காற்றை அழுத்தி அடைக்கும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகித் தொட்டிக்குள் தங்கிவிடும். வாரம் ஒருமுறை திருகைத் திறந்து அதை வெளியே விட வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அதைத் திறந்துவிடும்படி என் மனைவி சொன்னாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

"சரின்னா இன்னிக்கா, இந்த வருஷத்துக்குள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

நூல் வாங்கப் போனவள் நூல்கடை வாசலில் விழுந்துவிட்டாள். கடைக்காரர்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். பதினொன்றே காலுக்கு எனக்கு ஃபோன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

அவள் குஷன் வேலை செய்பவள். எங்கள் வீட்டின் முன்னறைதான் பட்டறை. பழைய சோபாக்களையும் நாற்காலிகளையும் உரித்து, புது ஃபோம் வைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுப்பாள். அவள் போனபோது முன்னறையில் ஒரு பல் டாக்டரின் ஆறு நாற்காலிகள் இருந்தன. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போடுபவை. நான்கு முடிந்து, சாம்பல் கலந்த நீலத் துணியில், சுவரோரம் வரிசையாக நின்றன. மற்ற இரண்டுக்கும் சட்டம் மட்டும் இருந்தது. அவற்றின் இருக்கைப் பலகைகள் துணியில்லாமல் வேலை மேஜையில் கிடந்தன.

அவளுடைய கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதை வாங்கியவன் நான்.

பல வருடங்கள் அவள் கையால் அழுத்தும் ஸ்டேப்ளரில்தான் வேலை செய்தாள். ஒரு நாற்காலிக்கு எண்பது, தொண்ணூறு பின். ஒவ்வொன்றுக்கும் முழங்கையிலிருந்து பலம் கொடுக்க வேண்டும். வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. இரவில் அதைத் தலையணை மேல் வைத்துத் தூங்குவாள். இனி அந்தக் கைப்பிடியை அழுத்தக் கூடாது, சுத்தியலும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் இருக்கிறதே, விரலால் தொட்டாலே பின் இறங்குமே, அதை வாங்கினால் என்ன என்று கேட்டாள். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அங்கேதான் தவறு ஆரம்பித்தது. நான் அப்போது ஒரு பம்பு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். எதை வாங்குவதானாலும் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, தலைப்புவாரியாக மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். இருபத்தாறு வருடப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மின்விசிறி வாங்குவதற்குள் கோடை முடிந்துவிட்ட வருடம் ஒன்று உண்டு. என் மனைவி எனக்கு வைத்திருந்த பெயர் 'ஆராய்ச்சி'. வீட்டுக்கு யாராவது வந்தால், "ஆராய்ச்சி உள்ள இருக்கு, கூப்பிடறேன்" என்பாள்.

ஏர் ஸ்டேப்ளருக்குப் பதினொரு மாதிரிகளை எடுத்துக்கொண்டேன். பதினான்கு தலைப்புகள். எடை, சத்தம், எவ்வளவு காற்று குடிக்கும், ஒரு தடவைக்கு எத்தனை பின் கொள்ளும், பின்னின் கால் எவ்வளவு நீளம், உதிரிப் பாகம் கிடைக்குமா, இப்படி. மூன்று மாதம் ஆனது. அவள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு அதே பழைய ஸ்டேப்ளரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாத்து முடிவு பண்ண உங்களுக்கு அரை நாள்தான் ஆச்சு. ஒரு பின் அடிக்கிற மெஷினுக்கு மூணு மாசமா?" என்றாள் ஒருநாள்.

அப்போது அனுபவம் போதாது என்றேன். அவள் கையிலிருந்த துணித் துண்டை என் மேல் எறிந்தாள்.

கடைசியில் அதிக மதிப்பெண் வாங்கியது மரவேலைக்கான ஒரு ஸ்டேப்ளர். இரண்டு கால்களையும் இணைக்கும் முதுகு குறுகலாகவும் கம்பி தடிமனாகவும் உள்ள பின்களை அது அடிக்கும். பதின்மூன்று மில்லிமீட்டரிலிருந்து நாற்பது வரை எந்த நீளமும் போகும். ஜன்னல் சட்டத்துக்கு ரீப்பர் கட்டை அடிக்கலாம். சமையலறை அலமாரியின் முதுகுப் பலகை கழன்று ஆடிக்கொண்டிருந்தது, அதைச் சேர்த்துவிடலாம். கதவோரம் பெயர்ந்த பட்டியைப் பொருத்தலாம். குஷனும் அடிக்கலாம். 'பலவகைப் பயன்' என்ற தலைப்பில் நான் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தேன். பட்டியலை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அது துணிக்கு ஆகுமா என்று.

நாற்பது அடிக்கிற மெஷின் பதின்மூன்று அடிக்காதா என்று கேட்டேன்.

"யானை வாங்கிட்டு எலி பிடிக்கச் சொல்ற மாதிரி இருக்கு," என்றாள். பிறகு, சரி, இனி ஆராய்ச்சி வேண்டாம், வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டாள்.

காற்றுக் கருவிகள் விற்கும் கடை ஒன்று பெரிய சாலையின் முனையில் இருக்கிறது. அதை நடத்துபவரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் 'காத்துக்காரர்' என்றுதான் சொல்வார்கள். பஞ்சர் ஒட்டுபவர் என்று நினைத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவரிடம்தான் வாங்கினோம். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். அவர் என் மனைவியைப் பார்த்துவிட்டு, என்ன வேலைக்கு என்று கேட்டார். நான் பதில் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து முன்னறைக்குப் போனபோது அது மேஜை மேல் இருந்தது. கடையில் பார்த்ததைவிடச் சிறியதாகத் தெரிந்தது. மூக்கும் கொஞ்சம் நீளமோ என்று தோன்றியது. அவளிடம் சொன்னேன்.

"கடையில பாத்த எதுவும் வீட்டுக்கு வந்தா சின்னதாத்தான் தெரியும். உங்களை எங்க வீட்டுக் கூடத்துல பாத்தப்ப நீங்களும் உயரமாத்தான் இருந்தீங்க," என்றாள்.

அந்த மாதமே அலமாரியின் முதுகுப் பலகையைச் சேர்த்துவிட்டாள். நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அலமாரி சுவரோடு நின்றது, ஆடவில்லை. "உங்க மெஷின்தான், அஞ்சு நிமிஷம்," என்றாள். அன்று மாலை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். குழாயைத் தூக்கியதில் சுளுக்கு என்றாள். மறுநாள் அலுவலகத்தில் நான் நான்கு பேரிடமாவது அந்த மெஷினைப் பற்றிச் சொல்லியிருப்பேன். ஒரே கருவி, துணிக்கும் மரத்துக்கும். சரியாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் நடக்கும் என்று சொன்ன நினைவும் இருக்கிறது.

அவள் போன மூன்றாம் வாரம் பல் டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. துக்கம் கேட்டார். பிறகு, சங்கடத்தோடுதான், நாற்காலிகளைப் பற்றிப் பேசினார். நோயாளிகள் இரவல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதக் கடைசிவரை பொறுக்க முடியும். அதற்கு மேல் என்றால் வேறு கடையில் கொடுத்துவிடுகிறேன், அவர்கள் ஆறையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள் என்றார்.

நான்குதான் முடிந்துவிட்டதே என்றேன்.

"இந்தத் துணி இப்ப வர்றதில்லையாம். நாலு ஒரு மாதிரி, ரெண்டு ஒரு மாதிரி வேணாம்னு பாக்கறேன். அவங்க எல்லாத்தையும் உரிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தருவாங்க."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் உரிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் மனைவி மற்றவர்களின் வேலையை உரிப்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். பிளந்த நாக்குப் போல முனையுள்ள ஒரு கருவியைப் பின்னுக்கு அடியில் கொடுத்து நெம்புவாள். பின்கள் தகர டப்பாவில் விழுந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் ஒரு இருக்கை வெறும் பலகையாகிவிடும். நான்குக்கு நாற்பது நிமிடம்.

மாதக் கடைசிக்குள் ஆறும் வந்துவிடும் என்று சொன்னேன். யார் செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் என் மகள் அப்போது இங்கேதான் இருந்தாள். டாக்டர் போன பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அப்பா, நீங்க காலண்டர் மாட்டவே அம்மாவைத்தான் கூப்பிடுவீங்க."

கற்றுக்கொள்வேன் என்றேன். எவ்வளவு துணி மிச்சமிருக்கிறது என்று கேட்டாள். நான் ஏற்கெனவே அளந்திருந்தேன். இரண்டு இருக்கைக்குச் சரியாக இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. அவள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்திருந்தது. எதற்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், முகத்தைக் கருவிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முதலில் ஒரு பழைய திரைச்சீலையைத் துண்டுப் பலகை ஒன்றில் அடித்துப் பார்த்தேன். குழாயை மாட்டி, கம்ப்ரசரைப் போட்டு, மூக்கைத் துணியில் அழுத்தி விசையைத் தொட்டேன். பின்னோடு சேர்ந்து துரு நிறத்தில் தண்ணீர் தெறித்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எதனால் என்று உடனே தெரிந்தது. கம்ப்ரசரை நிறுத்தி, படுத்துக்கொண்டு, அடியிலிருந்த திருகைத் திறந்தேன். ஒரு டம்ளருக்கு மேல் வந்தது. காற்று மட்டும் வரும்வரை திறந்தே வைத்திருந்து மூடினேன்.

கருவியில் அவள் போட்டு வைத்திருந்த பின்கள் முப்பதோ என்னவோதான் இருந்தன. பழகுவதிலேயே தீர்ந்துபோயின. அவள் பின்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பது வழக்கம். டப்பா காலியாக இருந்தது. எந்த அளவு என்று எழுதியிருக்கவில்லை. எனக்கு அது கவலையாகப் படவில்லை. என் கோப்பு இருந்தது. ஒப்பீட்டுப் பட்டியலை எடுத்து, தேர்ந்தெடுத்த மாதிரிக்கு எதிரே எழுதியிருந்த பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்துத் தெரு இரும்புக்கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்தேன்.

பின்கள் உள்ளே போகவில்லை. பள்ளம் அகலமாக இருந்தது. பின்னின் முதுகோ அதில் பாதிதான் இருந்தது, கம்பி மட்டும் இரண்டு மடங்கு தடி. திருப்பிப் போட்டுப் பார்த்தேன், மூடியை அழுத்திப் பார்த்தேன். ஏதோ ஒரு பாகத்தை நான் உடைத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் கருவியை அதன் பெட்டியிலேயே வைத்து, பின் பெட்டியையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு காத்துக்காரரிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், இது சோபாக்கு அடிக்கிற கன். நீங்க வாங்கிருக்கறது மரவேலைப் பின். செருப்பு ஒருத்தரது, காலு ஒருத்தரதுன்னா எப்படி?"

இது நான் உங்களிடம் வாங்கிய கருவிதானே, பெட்டியில் எண் இருக்கிறதே என்றேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணையும் காட்டினேன். அது என் பட்டியலில் இருந்த அதே எண். அவர் அதைப் பார்க்கவில்லை. கல்லாவுக்கு மேலிருந்த விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"அம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இனி சொன்னா ஒண்ணும் ஆயிடாது. பெட்டிதான் சார் நீங்க வாங்கினது. உள்ள இருக்கறது வேற."

வாங்கின மூன்றாம் நாள் அவள் ஒரு பலகைத் துண்டோடு வந்திருக்கிறாள். இருக்கைப் பலகை ஒன்பது மில்லிமீட்டர். என் கருவியில் போகும் மிகச் சின்னப் பின்னே பதின்மூன்று. ஒவ்வொரு பின்னின் முனையும் மறுபக்கம் நான்கு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. தடிக் கம்பி துணியை வேறு கத்தி போலக் கிழித்திருந்தது. குஷனுக்கு வேண்டியது நேர்மாறு. அகலமான முதுகு, மெல்லிய கம்பி, ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வரை கால். அகல முதுகு துணியைக் கிழிக்காமல் அமுக்கிப் பிடிக்கும். அவருக்கு இது அன்றைக்கே தெரியும். ஆனால் நான் கையில் காகிதத்தோடு பேசிக்கொண்டிருந்ததால் குறுக்கே பேசவில்லையாம்.

"மாத்திக் கொடுத்துட்டேன். ஆனா அம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க. பெட்டி அதே பெட்டியாத்தான் இருக்கணும்னாங்க. வீட்டுல ஒரு ஆபீசர் இருக்காரு, பெட்டி மேல நம்பர் பாப்பாருன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது அவரிடம் கேட்கும் கேள்வி இல்லை என்று தெரிந்தது. அவர் எட்டு மில்லிமீட்டர் பின்னில் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். பின் போடும்போது குழாயைக் கழற்றிவிட வேண்டும் என்றார். சிக்கிக்கொண்டாலும் அப்படித்தான், முதலில் குழாய், பிறகுதான் கை. என் பட்டியலில் ஏழு பார் என்றிருந்த காற்றழுத்தத்தை அடித்துவிட்டு, நாலரைக்கு மேல் போகாதீர்கள், அம்மா நாலரையில்தான் வைப்பார்கள் என்றார். அதிகமானால் பின் துணிக்குள் புதைந்து அறுக்கும், குறைந்தால் தலை தூக்கி நிற்கும். விரலால் தடவினால் தட்டுப்படக் கூடாது, ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போனேன். அலமாரியிலிருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தரையில் வைத்தேன். அலமாரியை ஒரு பக்கமாக நெம்பிச் சுவரிலிருந்து நகர்த்தினேன். முதுகுப் பலகையில் ஒரு பின்கூட இல்லை. சுற்றிலும் சின்னத் தலை ஆணிகள், முப்பத்தாறு. அத்தனையும் சுத்தியலால் அடித்தவை. இரண்டு வளைந்து, வளைந்த வாக்கிலேயே பலகையோடு தட்டிச் சேர்க்கப்பட்டிருந்தன. அவளுடைய கருவி அந்தப் பலகையையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அளவு நீளமான பின் அடிக்காது. என் கருவி அடித்திருக்கும். அது அப்போது வீட்டில் இல்லை.

அலமாரியைத் திரும்பத் தள்ளி, பாத்திரங்களை ஏற்றினேன். எது எந்தத் தட்டில் இருந்தது என்று பாதிக்கு மேல் நினைவில்லை.

சாயங்காலம் மகளுக்கு ஃபோன் செய்தேன். உனக்குத் தெரியுமா என்றேன். எது என்று கேட்காமலே தெரியும் என்றாள். அன்றைக்குக் கடைக்கு அவளும் கூடப் போயிருக்கிறாள்.

"நானே கேட்டேன்ப்பா, ஏம்மா மறைக்கற, சொல்லிட்டா என்னன்னு. 'சொன்னா மறுபடி பட்டியல் போட உக்காந்துடுவாரு, இன்னும் மூணு மாசம் என் கை தாங்காது'ன்னாங்க."

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். பிறகு, அலமாரிக்கு ஆணி அடித்தது தெரியுமா என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்குத்தான் சுத்தியலே தொடக் கூடாதே என்றாள். ஆமாம் என்றேன்.

அதைப் பற்றி நான் எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். பட்டியலுக்குப் பயந்து செய்தாளா, என் முகம் வாடும் என்று செய்தாளா, அல்லது ஒருமுறை மறைத்துவிட்டதால் இரண்டாவதும் மறைக்க வேண்டி வந்ததா. மூன்றுக்கும் சமமான மதிப்பெண்தான் விழுகிறது. அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. பதினொரு நாள் இருந்தது.

இருக்கையை எப்படிப் போர்த்துவது என்று பார்க்க, அவள் முடித்த நான்கில் ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அல்ல. இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்புத் துணி அடித்திருப்பார்கள், உள்ளே இருக்கும் மடிப்புகளும் பின்களும் வெளியே தெரியாமலிருக்க. அதை மட்டும் திறந்தால் போதும். அந்த நாக்குக் கருவியை எடுத்துக்கொண்டு நாற்காலியைக் கவிழ்த்து வைத்தவன், ஒரு மணி நேரம் எதையும் நெம்பவில்லை. யாரும் உரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதெல்லாம் செய்கிறேன், முதலில் உரிப்பது நானாக இருக்கிறேனே என்று தோன்றியது. பிறகு ஒன்று எடுத்தேன். மற்றவை சுலபமாக வந்தன.

உள்ளே நீலத் துணியின் ஓரம் பலகையைச் சுற்றி மடிந்து, அரை விரல் இடைவெளியில் பின்கள் ஓரத்துக்கு இணையாக நின்றன. மூலையில் இரண்டு மடிப்பு, ஒன்றையொன்று பார்த்தபடி. இதையெல்லாம் வரைந்துகொண்டேன். அதோடு நான்கு பக்கத்திலும் நட்ட நடுவில் ஜோடி ஜோடியாகக் காலி ஓட்டைகள் இருந்தன. பின் அடித்துப் பிடுங்கிய தடம். அவளுக்கும் தவறு நேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. படத்தில் அவற்றைச் சேர்க்கவில்லை.

ஐந்தாவது நாற்காலியை மூலையிலிருந்து தொடங்கினேன். மூலைதான் கஷ்டம், கஷ்டமானதை முதலில் முடித்துவிடுவது அலுவலகப் பழக்கம். ஒரு மூலையை ஒழுங்காக மடித்து, அங்கிருந்து ஓரமாக அடித்துக்கொண்டே போனேன். இரண்டாவது பக்கம் வந்தபோதே துணி சாய்ந்துவிட்டது. மூன்றாவது பக்கத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. இழுத்து அடித்தால் சுருக்கம் அடுத்த மூலைக்கு நகர்ந்ததே தவிரப் போகவில்லை. திருப்பிப் பார்த்தேன். நெற்றி சுருக்கியது போல இருந்தது. மேலும் இழுத்தால் துணி கிழியும். வேறு துணி கிடையாது.

கருவியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து கவிழ்ந்திருந்த அவளுடைய நாற்காலியைப் பார்த்தபோதுதான் அந்தக் காலி ஓட்டைகள் மறுபடி கண்ணில் பட்டன. நான்கு பக்கத்திலும், நான்கும் நடுவில். தவறு இப்படி வரிசையாக நேராது. மற்ற மூன்று நாற்காலிகளின் கறுப்புத் துணியையும் ஒரு ஓரம் மட்டும் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கேயும் நடுவில், ஜோடியாக.

முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு தற்காலிகப் பின் அடித்திருக்கிறாள். துணி நேராக உட்கார்ந்ததா என்று திருப்பிப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மூலையை நோக்கிப் போயிருக்கிறாள். கடைசியில் தற்காலிகப் பின்னைப் பிடுங்கி, அந்த இடத்தில் துணியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து நிரந்தரமாக அடித்திருக்கிறாள். பிடுங்குவதற்கு வசதியாக அதைக் கருவியைச் சாய்த்துப் பிடித்து அடித்திருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு ஓட்டை ஆழமாகவும் மற்றது வெறும் கீறலாகவும் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருடம் அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். முதலில் விட்டுவிட்டு நான்கு, ஒரு இடைவெளி, பிறகு தொடர்ச்சியாக. அந்த இடைவெளியில் நாற்காலியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் பின்கள் அறுபதையும் பிடுங்கினேன். ஓரத்தில் ஒரு அங்குலம் மிச்சம் இருந்ததால் ஓட்டைகள் மடிப்புக்குள் போய்விட்டன. நடுவில் நான்கு. திருப்பிப் பார்த்தேன். துணியின் இழை கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரண்டை எடுத்து மறுபடி அடித்தேன். பிறகு மூலைகளை நோக்கிப் போனேன். அந்த ஒரு இருக்கைக்கு ஒரு முழு நாளும் மறுநாள் காலையும் ஆயின. ஆறாவது அரை நாளில் முடிந்தது. அவள் ஒரு இருக்கையை முக்கால் மணி நேரத்தில் முடிப்பாள்.

என் மனைவியின் தம்பி வேன் வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வந்து ஆறையும் ஏற்றினார். ஏற்றும்போது ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார்.

"மச்சான், எது நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு பாத்தேன். மூணுல மட்டும் அடித்துணி ஆபீஸ் ஃபைல் மாதிரி நேரா இருக்கு."

அதில் ஒன்று அக்கா செய்தது, அடித்துணியை மட்டும் நான் திரும்ப அடித்தேன் என்றேன். அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

டாக்டர் ஆறு நாற்காலிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவதில் எழுந்து, இன்னொரு முறை உட்கார்ந்தார். இது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்றார். இரண்டு தரம் இழுத்து அடித்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

"பரவாயில்ல. புதுப் பல்லும் இப்படித்தான், கொஞ்ச நாள் உறுத்தும், அப்புறம் ஞாபகமே இருக்காது."

உரிக்கும் கடைக்கு அப்போதே ஃபோன் செய்து, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் கேட்கும் தூரத்தில் நின்றுதான் பேசினார்.

அதற்குப் பிறகு கடைவாய்ப் பல்லுக்காக அங்கே மூன்று நான்கு முறை போய்விட்டேன். தரை துடைக்கும்போது நாற்காலிகளை நகர்த்துகிறார்கள், திரும்ப எந்த வரிசையிலும் போடுகிறார்கள். எது யார் செய்தது என்று கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். நான் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. சீட்டுக் கொடுக்கும் பெண் ஒருநாள் சொன்னாள், நாற்காலிகளில் பழைய துணி இருந்தபோதும் சரி, இரவல் பெஞ்சு கிடந்தபோதும் சரி, காலையில் முதலில் வருபவர் கதவுக்குப் பக்கத்திலேதான் உட்காருவார் என்று. இப்போதும் முதலில் வருபவர் கதவுக்குப் பக்கத்திலேதான் உட்காருகிறார்.